கேட்காமல் ஏறும் வண்டி

என்னை மாதிரி அப்பாவை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, கீறல் விழுந்த போன் கண்ணாடிக்குள் அவர் முகத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம் வயதில் நிறைய பேர் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். நான் எட்டாவதோடு நின்றவள். தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடிக்கிறேன். எழுதிப் பழக்கம் கிடையாது. அப்பா இறந்துபோன பிறகு யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போல இருக்கிறது. அம்மாவிடம் பேச்சை எடுத்தாலே அழுகிறாள்.

துட்டி கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்.

"அவன் ஒருத்தர்ட்டயும் ஒண்ணு கேட்டதில்ல, பாத்துக்க. கடைசி வரைக்கும் அப்படியே போயிட்டான்."

நான் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் கேட்டிருக்கிறார். ஒரு சாரல் காலம் முழுக்க, முன்பின் தெரியாத ஆட்களிடம், அவர்கள் பாஷையில், "என்னை ஏற்றிக்கொண்டு போகிறீர்களா" என்று ரோட்டில் நின்று கேட்டிருக்கிறார். அதைச் சொல்லிக் கொடுத்தது நான். எனக்கு அப்போது பத்து வயது.

எங்கள் வீடு கீழப்பாவூரில். அப்பா பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் லோடுமேன். அந்தச் சந்தையில் ஒரு பழக்கம் உண்டு, இப்போதும் இருக்கிறது. சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிற டெம்போவில் யார் வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம். கேட்க வேண்டாம். வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டுப் பின்னால் தொற்றி ஏற வேண்டியதுதான். இறங்குகிற இடம் வந்தால் பக்கத்துத் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினால் நிற்கும்.

நாங்கள் ஏறுவது ஒரு அண்ணாச்சியின் நீல டெம்போவில். அது மல்லித்தழை ஏற்றி வருகிற வண்டி. கட்டுகளை இறக்கிய பிறகும் வாசனை இறங்காது. ஈரச் சாக்கு, நசுங்கிய தழை, கொஞ்சம் டீசல். அப்பா என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உள்ளே போடுவார், தக்காளிப் பெட்டியைப் போடுகிற மாதிரி. புதிதாக வேலைக்கு வந்த ஒரு பையன் ஒருநாள் முன்னால் போய், "அண்ணாச்சி, நானும் வரலாமா?" என்று கேட்டுவிட்டான். அண்ணாச்சிக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"ஏன், நான் வேண்டாம்பேன்னு நெனச்சியோ? வண்டிய நிப்பாட்டிப் போட்டுருக்கது எதுக்கு? ஏறுலே சவத்துப்பயலே!"

நாங்கள் இறங்கியதும் அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். சன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போய்விடுவார். நான் அந்தக் கைக்கு டாட்டா காட்டுவேன். முகத்தைவிட அந்தக் கைதான் எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்பாவை ஸ்பெயினுக்கு அனுப்பியது மாமா, அம்மாவின் தம்பி. குற்றாலத்தில் சீசனுக்கு வேன் ஓட்டுவார். அருவியில் குளிக்க வந்த யாரோ ஒருவர் வேனில் பழக்கமாகி, ஆள் கேட்டிருக்கிறார். மாமா எங்கள் வீட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தானே போய்ப் பார்த்துவிட்டு வந்த மாதிரி சொன்னார்.

"தக்காளி பறிக்கணும், பெட்டில அடுக்கணும். அத்தான் இங்கன செய்யுத வேலதான்க்கா. இங்கன வெயில்ல செய்யுதாவ, அங்கன பிளாஸ்டிக் கூடாரத்துக்குள்ள நெழல்ல நின்னு செய்யப் போறாவ. அம்புட்டுதான் வித்தியாசம்."

அம்மா பீடி சுற்றுவதை நிறுத்தாமல் கேட்டாள். "பாஷை?"

"தக்காளிக்கு என்ன பாஷை?" என்றார் மாமா. எல்லாரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார்.

அவர் ஸ்பெயினில் போய் இறங்கியதும் இங்கே சாரல் பிடித்துவிட்டது. தெருவெல்லாம் நசநசவென்று ஈரம், துணி காயாமல் வீட்டுக்குள் ஒரு வாடை. போனில் அப்பாவுக்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று வெயில். அவர் வேலை முடிந்து அறைக்கு வந்து சாப்பிடுகிற மதியம், எங்களுக்குச் சாயங்காலம். முன்னே பின்னே வருகிற அந்தப் போனைத் தவறவிடக் கூடாதென்று நான் மதியத்துக்கு மேல் பள்ளிக்கூடம் போவதை விட்டுவிட்டேன். யாரும் திட்டவில்லை. பள்ளிக்கூடம் என்னை விட்டது அங்கேதான் ஆரம்பித்தது.

"காய் இல்ல பிள்ளே," என்றார் முதல் நாளே. "காய் முடிஞ்ச காடு. காஞ்ச கொடியப் புடுங்கிப் போடுத வேலை. உள்ள நின்னா இட்லிச் சட்டிக்குள்ள நிக்க மாதிரி இருக்கு."

அறையில் அவரோடு எங்கள் ஊர்ப்பக்கத்துக் கடையத்துக்காரர் ஒருவர் இருந்தார். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. பின்னாலிருந்து சத்தம் மட்டும் வரும். "மகள்ட்டப் பொலம்பாதயும்வே!"

வேலையைவிட அப்பாவுக்குப் போக்குவரத்துதான் பாடாக இருந்தது. தங்கிய இடம் ஊருக்கு வெளியே ஒரு ஓரத்தில். கூடாரங்கள் வேறொரு ஓரத்தில். நடுவில் நிழல் இல்லாத ஒரு ரோடு. பஸ் கிடையாது. சைக்கிள் வைத்திருந்தவர்கள் போய்விடுவார்கள். இவர்கள் இருவரும் நடப்பார்கள். மாமா வாங்கிக் கொடுத்த பூட்ஸ் கடித்துவிட்டதால் அப்பா இங்கிருந்து கொண்டுபோன ரப்பர் செருப்பில் நடந்தார்.

அப்போதுதான் அந்தக் கூத்து நடந்தது. ஒருநாள் வேலை முடிந்து வரும்போது, காலிப் பெட்டிகள் ஏற்றிய ஒரு சின்ன லாரி ரோட்டோரம் நின்றிருக்கிறது. அவர்கள் போகிற பக்கம் பார்த்து நின்றிருக்கிறது. அப்பா போய்ப் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"ஏறிட்டேன் பிள்ளே," என்றார் சிரித்துக்கொண்டே. "நம்ம ஊர் நெனப்பு. டிரைவர் எங்கனயோ ஒதுங்கிட்டு வந்தவன் என்னயப் பாத்தான். வள்ளுன்னு விழுந்தான். சட்டையப் பிடிச்சு இழுத்து எறக்கிட்டான். போலீசுக்குப் போன் போடப் போனான், பாத்துக்க."

"களவாணிப்பயன்னு நெனச்சுட்டான்," என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. "நானும் ஏறியிருப்பேன், கால் வலிச்சதால பிந்திட்டேன்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணாச்சி டெம்போவில் ஏறினால் போலீஸ் வருமா? அம்மா சிரிக்கவில்லை. "மொதலாளி என்ன சொன்னான்?" என்று கேட்டாள்.

அப்பா சிரிப்பை நிறுத்தினார். "இன்னொரு தடவை இப்படிப் புகார் வந்துச்சுன்னா ஊருக்கு அனுப்பிருவேன்னான்."

அன்றைக்கு முடிவானது, கேட்டு ஏற வேண்டும் என்று. கேட்கச் சொல்லிக் கொடுக்க வேண்டியது நான் என்று யாரும் முடிவு செய்யவில்லை. வீட்டில் போனை நோண்டுகிறவள் நான் ஒருத்திதான்.

போனில் ஒரு பெண் பாடம் நடத்துவாள். ஸ்பானிஷை இங்கிலீஷில் சொல்லிக் கொடுப்பாள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். ரீசார்ஜ் கடை அக்கா பிளஸ் டூ முடித்தவள், அவளிடம் போனைக் கொண்டு போவேன். கூட்டம் இல்லாத நேரத்தில் காதில் வைத்துக் கேட்டுவிட்டுச் சொல்வாள்.

"யேவான்னா கூட்டிட்டுப் போறது. மேன்னா என்னய. மே யேவா, என்னயக் கூட்டிட்டுப் போறியளா. பின்னாடி போர் ஃபவோர், தயவுசெஞ்சு."

"சின்ன ஆளா இருந்தா?"

"மே யேவாஸ். அது நீ. யேவான்னா நீங்க. ரெண்டு பேரா நின்னா மே இல்ல, நோஸ். எங்களை."

நான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு ஓடுவேன். மே யேவா, நோஸ் யேவா, மே யேவாஸ். அப்பாவுக்கு நீ, நீங்க இருப்பது ரொம்பப் பிடித்துவிட்டது.

"அங்கனயும் நீயும் நீங்களும் உண்டா? அப்பம் மனுசங்கதான்."

ஆனால் "மே" அவர் வாயில் வரவே இல்லை. "யேவா, போர் ஃபவோர்" என்பார். நான் திருத்துவேன். மறுபடியும் "யேவா" என்பார்.

"மே சொல்லணும்ப்பா."

"எதுக்கு பிள்ளே? ரோட்டுல நிக்கது நான். கைய நீட்டுதது நான். பெறவு என்னய என்னயன்னு வேற சொல்லணுமாக்கும்?"

"போறேன்னு சொல்ல மட்டும் வோய்னு சொன்னாப் போதுமாம். நான்னு சொல்ல வேண்டாம், அதுக்குள்ளயே இருக்காம்."

"அதுல நானை விட்டுரலாம், இதுல என்னையை விடப்படாதா? நல்லா இருக்கே ஒன் கணக்கு!"

சந்தையில் வளர்ந்தவர். "என்னை" என்று சொல்லி அவருக்குப் பழக்கமே இல்லை. இப்போது நினைத்தால் அது பாஷைக் கோளாறாகத் தெரியவில்லை. அவருக்குக் கூச்சம். அன்றைக்கு நான் வாத்தியார் மாதிரி அதட்டினேன். "மே! மே!" பின்னாலிருந்து கடையத்துக்காரர், "ஆடு கணக்கா கத்த விட்டுட்டா ஒம்ம மக," என்றார்.

பிறகு ஒரு விளையாட்டு வந்தது. நான் டிரைவர். வாயால் டெம்போ சத்தம் போட்டுக்கொண்டு வந்து, அப்பாவுக்கு முன்னால் பிரேக் போடுவேன். அவர் கேட்பார். நான் "சீ, சூபா" என்பேன். ஆமாம், ஏறுங்கள் என்று அர்த்தம்.

"பெத்த அப்பனப் பாத்து சீங்கா, கேளேன்," என்பாள் அம்மா.

தினமும் நான் அவரை ஏற்றிக்கொண்டேன். ஒருநாள்கூட வண்டியில் இடமில்லை என்று சொன்னதில்லை. அங்கே ரோட்டில் எவனும் அவரை ஏற்றவில்லை. சாயங்காலம் கேட்டால், "இன்னைக்கு வண்டியே கம்மி பிள்ளே" என்பார். இன்னொரு நாள், "எல்லாம் எதிர்ப்பக்கம் போற வண்டி."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா என்னைக் குற்றாலத்துக்கு வேனில் கூட்டிப்போனார். மெயின் அருவியில் நல்ல தண்ணீர். ரோடு முழுக்க ஈரத் துண்டும் எண்ணெய் வாசனையும், சிப்ஸ் கடையில் நேந்திரங்காய் வேகிற வாசனையும். வேனுக்கு ஆள் சேரும்வரை நான் முன்சீட்டில் உட்கார்ந்து குரங்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளைக்காரப் பெண் தலையில் ஈரம் சொட்ட ரோட்டோரம் நின்றாள். மாமா என் தோளை இடித்தார்.

"ஏட்டி, அப்பாவுக்குப் படிச்சுக் குடுக்கியே, அத அவகிட்டக் கேட்டுப் பாரு. சரியா இருக்கான்னு தெரிஞ்சு போகும்லா."

"அவ ஸ்பெயினா மாமா?"

"வெள்ளைக்காரிதானே? எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணுதான்."

நான் போய் அவள் முன்னால் நின்று, கையை நீட்டி, நன்றாகச் சொன்னேன். "மே யேவா, போர் ஃபவோர்." அவள் குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். நனைந்த பாவாடையைப் பார்த்தாள். பைக்குள் தேடி ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து என் கையில் வைத்து, என் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டாள்.

மாமா ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் பிஸ்கட்டைத் தின்ன முடியவில்லை, குரங்குக்குப் போட்டுவிட்டேன்.

மறுநாள் அப்பாவிடம் இதைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கத்தான் செய்தார். சிரித்துவிட்டுச் சொன்னார்: "எனக்கும் ஒருத்தன் குடுத்தான் பிள்ளே. காரை நிப்பாட்டினான். நான் கேட்டேன், மே எல்லாம் சொல்லித்தான் கேட்டேன். கண்ணாடிய எறக்கி ரொட்டி ஒண்ணு குடுத்துட்டுப் போயிட்டான்."

"ரொட்டிய என்ன செஞ்சீங்க?"

"பசிச்சுது. ரெண்டு பேரும் தின்னோம்."

அம்மா பீடித் தட்டைக் கீழே வைத்தாள். என் கையிலிருந்து போனை வாங்கினாள். அதுவரை அவள் எங்கள் விளையாட்டுக்குள் வந்ததே இல்லை.

"நீங்க கேளுங்க. இன்னைக்கு நான் வண்டி ஓட்டுதேன்."

அப்பா வெட்கப்பட்டார். பின்னால் யாரும் இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, "மே யேவா, போர் ஃபவோர்" என்றார். அம்மாவுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று மறந்துபோனது. சூபா, சூபா என்று நான் காதில் சொல்கிறேன். அவள் கேட்கவில்லை.

"ஏறி வந்துருங்க," என்றாள். "இங்கயே வந்துருங்க."

போனில் அப்பா முகம் அப்படியே நின்றது. போன் கெட்டுவிட்டது என்று நான் நினைத்து, அம்மா கையிலிருந்து பிடுங்கி ஆட்டிப் பார்த்தேன். அவர் அங்கேதான் இருந்தார்.

வருவதற்கு அவர் கையில் எதுவும் இல்லை. பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தது. மாமாவோ ஆள் கேட்டவருக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தார். அவர் எடுக்கவில்லை. அம்மா சாமிக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். நான் இன்னும் சத்தமாகப் பாடம் நடத்தினேன். வேறு என்ன செய்வது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியவில்லை.

ஆடி பிறந்து கொஞ்ச நாளில் அப்பா போனை எடுத்ததும் கத்தினார். "ஏத்திட்டாங்க பிள்ளே!"

"யாருப்பா? மே சொன்னீங்களா?"

"சொன்னேன், சொன்னேன். நீ சொல்லிக் குடுத்த மாதிரியே சொன்னேன். நீல வண்டி. டிரைவர் நல்ல பெரியாளு. சூபான்னாரு, ஏறிட்டேன். பின்னாடி மல்லித்தழை ஏத்துவாரு போல, வாசம்னா வாசம். ரூம்புகிட்ட வந்ததும் ரெண்டு தட்டு தட்டினேன், நிப்பாட்டிட்டாரு. எறங்கினா திரும்பிக்கூடப் பாக்கல. சன்னலுக்கு வெளிய கைய மட்டும் நீட்டி ஆட்டிட்டுப் போயிட்டாரு."

நான் வீட்டுக்குள் குதித்தேன். ரீசார்ஜ் கடைக்கு ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். மாமா வந்து, "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சும்மாவா சொன்னான்," என்று பெருமை அடித்தார். அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தாள். கடையத்துக்காரர் சத்தம் மட்டும் அன்றைக்குக் கேட்கவில்லை. குளிக்கப் போயிருப்பார் என்று நினைத்தேன்.

அதன் பிறகு நீல வண்டி அடிக்கடி வந்தது. நான் பாடத்தை விட்டுவிட்டேன். இனி எதற்கு? இங்கே ஐப்பசி மழை பிடித்தபோது, அங்கே வேலை முடிந்ததென்று பாஸ்போர்ட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அப்பா வீட்டுக்கு வந்து வாசலில் கால் கழுவினார். குதிகால் இரண்டும் பாளம் பாளமாக வெடித்திருந்தன. அதே ரப்பர் செருப்பு, அடி தேய்ந்து, நடுவில் தரை தெரிந்தது. அம்மா அந்தக் காலை ரொம்ப நேரம் பார்த்தாள். விளக்கெண்ணெய் எடுக்க உள்ளே போனாள். நான் அவர் கொண்டுவந்த சாக்லேட்டைத்தான் பார்த்தேன்.

அந்தப் போன் பிறகு செத்துவிட்டது. அவர் கேட்டுப் பழகி அனுப்பிய வாய்ஸ் மெசேஜெல்லாம் அதில்தான் இருந்தது. ரீசார்ஜ் கடை அக்கா திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். அவள் இப்போது கல்யாணமாகிச் செங்கோட்டையில் இருக்கிறாள்.

அப்பா மறுபடி சந்தைக்குப் போனார். நான் வேலைக்குச் சேர்ந்து பழைய ஸ்கூட்டி ஒன்று வாங்கிய பிறகு, காலையில் கிளம்பும்போது வாசலில் வந்து நின்று, "மே யேவா?" என்பார். நான் "சூபா" என்று சொன்னால்தான் ஏறுவார். ஊரில் எந்த வண்டியிலும் கேட்காமல் ஏறுகிற மனுஷன் என்னிடம் மட்டும் கேட்பார். சந்தையில் இறக்கிவிட்டுப் போவேன்.

இந்த ஆடியில் ஒரு காலை அப்படி இறக்கிவிட்டுப் போனேன். மதியம் ஒரு வெங்காய மூட்டையை இறக்கிவிட்டு, அதன்மேலேயே உட்கார்ந்திருக்கிறார். எழுந்திருக்கவில்லை.

கடையத்துக்காரர் வந்தார். அன்றைக்குத்தான் முகத்தைப் பார்த்தேன். சத்தத்தை வைத்து அடையாளம் கண்டுபிடித்தேன். வயதாகி, ஒரு காலை இழுத்து நடந்தார். அப்பா தலைமாட்டில் நின்று அழுதுவிட்டு, என்னிடம் வந்து சொன்னார்.

"ஒங்கப்பன மாதிரி நடக்க ஆள் கெடையாதும்மா. அந்த ரோட்ட நாங்க போன நாள்ல இருந்து திரும்புத நாள் வரைக்கும் நடந்தே தீத்தோம்."

"நடுவுல ஒரு நீல வண்டி ஏத்துச்சே பெரியப்பா. மல்லித்தழை வண்டி."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். அப்புறம் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"கேக்காம இல்லம்மா. போற வார வண்டிக்கெல்லாம் கேட்டான். ஒருத்தன்கூட ஏத்தல. பிள்ளை பள்ளிக்கூடத்த விட்டுட்டு ஒக்காந்து சொல்லிக் குடுக்குதுவே, அது வீணாப் போச்சுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்னான். நீரு பின்னாடி இருந்து வாயத் தொறந்துராதயும்னு என்கிட்டச் சத்தியம் வாங்கிட்டான்."

எனக்கு அழுகை வரவில்லை. வெளியே டெம்போ சத்தம் கேட்டது. பெயிண்ட் எல்லாம் உரிந்த அதே நீல வண்டி. அண்ணாச்சி யாரிடமும் கேட்கவில்லை. வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, பின்பக்கக் கதவை இறக்கிவிட்டு, "ஏத்துங்கலே," என்றார். லோடுமேன்கள் அப்பாவை ஏற்றினார்கள். தலைமாட்டில் கடையத்துக்காரரும் ஏறி உட்கார்ந்தார்.

எங்களில் பெண்கள் தெருமுக்கோடு நின்றுவிட வேண்டும். வண்டி ஊர்ந்து தெருமுக்குக்கு வந்தது. பக்கத்தில் நடந்து வந்த நான் தகரத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டேன். ஏன் தட்டினேன் என்று தெரியாது. வண்டி நின்றது.

"என்ன பிள்ளே?" என்றார் அண்ணாச்சி, முன்னாலிருந்தே.

"மே யேவா," என்றேன். "மே யேவா, போர் ஃபவோர்."

கூடி நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பிள்ளைக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். மாமா வந்து என் கையைத் தகரத்திலிருந்து எடுத்தார். நான் ஏன் கேட்கிறேன் என்று புரிந்த ஆள் வண்டிக்குள் இருந்த ஒருவர்தான். அவர் அப்பாவின் தலையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"போங்க அண்ணாச்சி," என்றார் மாமா.

வண்டி நகர்ந்தது. மல்லித்தழை வாசனை கொஞ்ச நேரம் நின்றது. தெரு திரும்பும்போது சன்னலுக்கு வெளியே ஒரு கை நீண்டு, ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு உள்ளே போனது.